நாலடித் தடுப்பணையை மீன் தாண்டிப் போகுமா?

கேள்வி இது: "எங்கள் ஊர் ஆற்றில் நாலடி உயரத்துக்கு ஒரு தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அது வந்த பிறகுதான் மேலே மீன் குறைந்துபோனது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நாலடிச் சுவர் அப்படி என்ன செய்துவிடும்? வெள்ளம் வந்தால் அதுவே மூழ்கிவிடுகிறதே, அப்போது மீன் ஏறிப் போகாதா?"

பெரியவர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். மணல் அள்ளியது, சாயக் கழிவு, தண்ணீரே வராதது என்று மீன் குறைய வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நாலடிச் சுவர் பெரும்பாலான மீனுக்கு முழுத் தடைதான். வெள்ளத்தில் அணை மூழ்குவது சில மீனுக்குச் சில நாள் வழி திறக்கும், மற்றவற்றுக்குத் திறக்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மீன் எதற்காக மேலே ஏறுகிறது? ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். புதுத் தண்ணீர் வந்தால் கெண்டையும் கெளிறும் ஆராலும் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். மேலே உள்ள ஆழமில்லாத சரளைப் பகுதி, வாய்க்கால், புல் மூழ்கிய கரையோரம் இவைதான் அவை முட்டையிடும் இடங்கள். இவை ஆற்றுக்குள்ளேயே ஏறி இறங்குகிறவை. கடலில் வளர்ந்து முட்டையிட மட்டும் ஆற்றுக்கு வருவது உல்லம். வங்காளத்தில் இலிஷ் என்றும் கோதாவரிக் கரையில் புலசா என்றும் கொண்டாடுகிறார்களே, அதே மீன்தான். விலாங்கு நேர்மாறானது. ஆழ்கடலில் முட்டையிடும், அதன் குஞ்சுகள் விரல் நீளம்கூட இல்லாத பருவத்தில் ஆற்றுக்குள் நுழைந்து மலையடிவாரம் வரை ஏறும். ஆற்று இறாலும் உப்பும் நன்னீரும் கலக்கிற முகத்துவாரம் வரை இறங்கிப் போய்க் குஞ்சு விடும், குஞ்சு திரும்ப மேலே வர வேண்டும். கொடுவா, மடவைக் குஞ்சுகளும் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குள் வந்து வளர்ந்துவிட்டுப் போகும். ஒவ்வொன்றுக்கும் உடல் வேறு, ஏறும் முறை வேறு, வரும் மாதம் வேறு. தடுப்பணை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே சுவர்.

இப்போது கணக்குக்கு வருவோம். மீனால் மணிக்கணக்கில் நீந்திக்கொண்டே இருக்கக்கூடிய மிதமான வேகம் ஒன்று உண்டு. உயிரைக் கொடுத்துச் சீறிப் பாய்கிற வேகம் இன்னொன்று. இந்தச் சீறும் வேகம் சுமாராக வினாடிக்குத் தன் உடல் நீளத்தைப் போலப் பத்து மடங்கு. பதினைந்து செ.மீ. கெண்டை என்றால் வினாடிக்கு ஒன்றரை மீட்டர், நாற்பது செ.மீ. உல்லம் என்றால் நாலு மீட்டர். அதுவும் சில வினாடிகள்தான் தாங்கும், இருபது வினாடி என்பதே அதிகம். அதற்குப் பிறகு தசை ஓய்ந்து மீன் பின்னால் அடித்துச் செல்லப்படும், மீண்டும் முயல நீண்ட ஓய்வு தேவைப்படும்.

நாலடி என்பது சுமார் 1.2 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அடியைத் தொடும்போது வினாடிக்குக் கிட்டத்தட்ட 4.9 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஆக, நாற்பது செ.மீ. உல்லம் முழு மூச்சோடு சீறினாலும் தண்ணீரின் வேகத்துக்கே ஈடுகொடுக்க முடியாது, பிறகல்லவா முன்னேறுவது. பதினைந்து செ.மீ. கெண்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, தாவிக் குதிக்காதா? குதிக்கும் மீன்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆரின் அருவியில் சால்மன் 3.65 மீட்டர் தாவியதாகப் பதிவு இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நாம் எல்லா மீனையும் எடைபோடுகிறோம். ஆனால் தாவுவதற்கு ஓட்டம் எடுக்க இடம் வேண்டும். தாவ வேண்டிய உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழமாவது கீழே இருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. நம் தடுப்பணைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அரிப்பு வரக்கூடாது என்று கான்கிரீட் தளம் போட்டு, அதற்கும் கீழே கல் பதித்திருப்பார்கள். தளத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் சன்னமாக ஓடும். தளம் இல்லாவிட்டால் இரண்டு வெள்ளத்தில் அணையே சாய்ந்துவிடும், எனவே பொறியாளர் செய்தது தப்பில்லை. அதே தளம் மீன் தாவுவதற்கான மடுவை இல்லாமல் செய்துவிடுகிறது. அந்தச் சன்னமான தண்ணீரில் மீனின் முதுகும் செவுளும் வெளியே நிற்கும், வாலுக்குத் தள்ள நீர் கிடைக்காது. ஐந்து செ.மீ. ஆழத்தில் ஓடும் தண்ணீரில் ஒரு கிலோ மீன் நீந்துவதில்லை, துடிக்கிறது.

தரையோடு வாழும் சின்ன மீன்களின் நிலை இன்னும் மோசம். ஐரோப்பிய ஓடைகளில் வாழும் ஒரு சிறிய அடிமட்ட மீனை ஆராய்ந்தவர்கள், பதினெட்டு இருபது செ.மீ. படிக்கட்டே அதை நிறுத்திவிடுகிறது என்று கண்டார்கள். ஒரு சாண் உயரம்! நம் அயிரையும் அப்படித் தரையோடு திரிகிற சின்ன மீன்தான். விதிவிலக்கும் உண்டு. கல்லொட்டி வயிற்றுப்புற வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு ஏறும். விலாங்குக் குஞ்சும் இறால் குஞ்சும் ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் சுவரிலேயே ஏறிவிடும்.

புதுத் தண்ணீர் வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அணைக்குக் கீழே கரையோரமாக நின்று பாருங்கள். நடு அணையில் மீன் அதிகம் இருக்காது. இரண்டு ஓரத்திலும், தண்ணீர் சுழன்று திரும்புகிற மூலையில், கெண்டைகள் மூக்கைச் சுவரை நோக்கி வைத்துக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கும். ஒன்று பாயும், சுவரில் முக்கால் அடி உயரத்தில் மோதும், தளத்தில் விழும், புரண்டு திரும்பக் கூட்டத்துக்குள் போகும். உடனே இன்னொன்று. மூக்கு நுனி சிவந்து, செதில் உரிந்த மீன்களை அங்கேதான் பார்ப்பீர்கள். இருட்டிய பிறகு டார்ச் அடித்தால் இன்னொரு காட்சி. தண்ணீர் விழாமல் தெறித்து மட்டும் நனைகிற பக்கச் சுவரில், பாசி படிந்த இடத்தில், நூல் மாதிரி விலாங்குக் குஞ்சுகள் உடம்பை வளைத்து வளைத்து ஏறிக்கொண்டிருக்கும். சுவர் புதிதாகப் பூசி வழவழப்பாக இருந்தால் பாதியில் வழுக்கி விழும். பாசியும் பொத்தலும் உள்ள பழைய சுவரில் விடிவதற்குள் பல உச்சியைத் தொட்டுவிடும்.

இப்படி மூலையில் குவிகிற மீன்தான் வீச்சு வலைக்கும் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் சுலபமாகக் கிடைக்கிறது. அணை மீனை நிறுத்துவது பாதிச் சேதம், நிறுத்திய இடத்தில் அள்ளிக்கொண்டு போவது மீதிச் சேதம். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1873-ல் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு நன்னீர் மீன்வளம் பற்றி அறிக்கை கொடுத்த பிரான்சிஸ் டே, அணைக்கட்டுகள் மீனை மறிப்பதையும், அங்கே குவியும் மீன் வகைதொகையில்லாமல் பிடிபடுவதையும், அணைகளில் மீனுக்கு வழி விட வேண்டியதையும் அப்போதே எழுதிவிட்டார். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர்.

இனி வெள்ளத்தில் அணை மூழ்கும் விஷயம். இது நல்ல கேள்வி, ஏனென்றால் பாதி சரி. ஆற்றில் நீர் ஏறும்போது அணைக்குக் கீழே உள்ள மட்டம் மேலே உள்ள மட்டத்தைவிட வேகமாக உயரும். ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஓரடியாகச் சுருங்கிவிடும். ஓரடி இறக்கத்தில் தண்ணீரின் வேகம் வினாடிக்குச் சுமார் 2.4 மீட்டர். நாற்பது செ.மீ. மீனுக்கு இது முடிகிற காரியம். ஆனால் அணையின் முகடு ஒரு கோடு இல்லை, அதற்கு அகலம் உண்டு, சரிவு உண்டு. முகட்டின் மேல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெள்ளம் பாயும்போது அங்கே வேகம் வினாடிக்கு மூன்று மீட்டரைத் தொடும். நாலு மீட்டர் வேகத்தில் சீறும் மீன், மூன்று மீட்டர் வேக ஓட்டத்தில், நிகரமாக வினாடிக்கு ஒரு மீட்டர்தான் முன்னேறும். பத்து வினாடி தாங்கினால் பத்து மீட்டர். அணையின் முகடும் சரிவும் சேர்ந்து எட்டு மீட்டர் என்றால் தப்பியது, பன்னிரண்டு என்றால் திரும்ப அடித்துக்கொண்டு போகும். பதினைந்து செ.மீ. கெண்டைக்கு எந்த வெள்ளத்திலும் நடு ஆற்று வழியில்லை. கரை வழிந்து ஓரப் புல்வெளி வழியாகத் தண்ணீர் மெதுவாகச் சுற்றிப் போனால்தான் உண்டு. இப்போது அணைக்கு இரு பக்கமும் உயரமாகச் சிறகுச் சுவர் கட்டி, கரையையும் பலப்படுத்திவிடுகிறோம், அந்த ஓர வழியும் அடைபடுகிறது.

நேரம் என்ற ஒன்றும் இருக்கிறது. மீன் ஏறத் துடிப்பது முதல் புதுவெள்ளத்தில். அணை மூழ்குவதோ வெள்ளம் உச்சத்துக்குப் போகும்போது, சில சமயம் ஒரு வாரம் கழித்து, சில வருஷம் மூழ்குவதே இல்லை. சினை முற்றிய மீன் ஒரு வாரம் மூலையில் காத்திருந்தால் உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைந்துகொண்டே போகும். முட்டையை அணைக்குக் கீழேயே, பொருந்தாத இடத்தில் கொட்டிவிடும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு "வெள்ளத்தில் மீன் மேலே போயிடுச்சு" என்றுதான் தோன்றும், ஏனென்றால் போன நாலைந்து பெரிய மீன் மட்டும் மேலே கண்ணில் படும்.

இந்த மண்ணில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் உல்லம்தான். 1830களில் பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். டெல்டா பிழைத்தது அந்த அணைகளால், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக ஏறி வந்த உல்லத்துக்கு முதல் சுவர் அணைக்கரை. பின்னாளில் கோதாவரியில் தவளேஸ்வரம், கிருஷ்ணாவில் விஜயவாடா என்று அதே பாணி அணைக்கட்டுகள் வந்தன. மேட்டூரோடு ஒப்பிட்டால் இவை குள்ளமானவை. உல்லத்துக்கு அதுவே போதும். உல்லம் தாவுகிற மீன் அல்ல. கூட்டமாக, கலங்கிய ஆழமான ஓட்டத்தில், தடையில்லாத நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். புலசாவுக்குப் பேர்போன கோதாவரியில் இன்றும் அது பிடிபடுவது தவளேஸ்வரத்துக்குக் கீழேதான்.

கீழணையில் முயற்சியே செய்யாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னை மாகாண மீன்வளத் துறை அங்கே உல்லத்தின் சினையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தது. மீன் ஏறப் படியும் அமைத்தார்கள். சால்மனுக்காக ஐரோப்பாவில் உருவான அந்தப் படி முறை, தாவாத உல்லத்துக்கு உதவவில்லை. பிறகு 1934-ல் மேட்டூர் வந்தது. ஜூலை ஆகஸ்டில் கடல்வரை பாய்ந்த புதுவெள்ளம் நீர்த்தேக்கத்தில் தங்கியது, கொள்ளிடத்தில் உபரி நீர் மட்டும் இறங்கியது. காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு அதோடு ஓய்ந்தது. ஆக, பழி முழுவதையும் குள்ள அணையின் மேல் போடுவது நியாயமில்லை. குள்ள அணை வழியை மறித்தது, பெரிய அணை வரச்சொல்லும் அழைப்பையே நிறுத்தியது, இரண்டும் சேர்ந்துதான் கதையை முடித்தன. கங்கையில் 1975-ல் பராக்கா கதவணை, அதாவது ஷட்டர்கள் வைத்த அணை, வந்தபோதும் இதே கதைதான். அதற்கு முன் அலகாபாத் தாண்டியும் ஏறிய இலிஷ், பிறகு பராக்காவுக்கு மேலே அரிதாகிவிட்டது. நம் பக்கம், பழைய அணைகளுக்கும் கீழே புதிய கதவணைகள் கட்டுவது தொடர்கிறது. கொள்ளிடத்தில் அணைக்கரைக்கும் கீழே ஆதனூர் குமாரமங்கலம் கதவணை வந்திருக்கிறது.

1942-ல் சென்னை மீன்வளத் துறையைச் சேர்ந்த டி. டபிள்யூ. தேவநேசன், தென்னிந்திய அணைக்கட்டுகள் உல்லத்தை என்ன செய்தன என்று எழுதியபோது காவிரி, கோதாவரி, கிருஷ்ணாவோடு தாமிரபரணியையும் சேர்த்துத்தான் பேசினார். தாமிரபரணியை எடுத்துக்கொண்டால் இன்னொரு கணக்கு புரியும். சுமார் 128 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். வாதத்துக்காக வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு அணையையும் நூற்றில் எண்பது மீன் தாண்டிவிடுகிறது என்று. எண்பது சதவீதம் என்பது மிகத் தாராளமான எண். எட்டாவது அணைக்கு மேலே போய்ச் சேர்வது நூற்றில் பதினேழு. ஐம்பது சதவீதம்தான் தாண்டுகிறது என்றால் ஒன்றுகூட மிஞ்சாது. இது அளந்த எண் இல்லை, வெறும் பெருக்கல்தான். ஆனால் "இந்த ஒரு அணையால் என்ன ஆகிவிடப்போகிறது" என்று ஒவ்வொரு அணைக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே போவது ஏன் தவறு என்று இந்தப் பெருக்கல் காட்டிவிடும்.

ஐரோப்பாவில் முப்பத்தாறு நாடுகளின் ஆறுகளை எடுத்து மதிப்பிட்டு 2020-ல் வெளியிட்டார்கள். குறைந்தது பன்னிரண்டு லட்சம் தடுப்புகள் இருக்கின்றன, அவற்றில் மூன்றில் இரண்டுக்கு மேல் இரண்டு மீட்டர்கூட உயரம் இல்லாதவை. பெரிய அணைக்குப் போராட்டம் நடக்கிறது, வழக்கு நடக்கிறது. சின்னத் தடுப்பணை ஒப்பந்தம் போட்டு ஒரு கோடையில் கட்டி முடிந்துவிடுகிறது. யாரும் மீனைப் பற்றிக் கேட்பதில்லை.

பழைய கட்டுமானங்கள் எல்லாம் இதே அளவு கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் திருப்ப மணலும் தழையும் மூங்கிலும் வைத்துக் கொரம்பு போடுவார்கள், பெரிய வெள்ளம் வந்தால் அது தானே கரைந்துபோகும். பழைய கல்லணைகள் வெட்டாத கற்களை அடுக்கி, ஆற்றுக்குக் குறுக்கே நேர்கோடாக இல்லாமல் சாய்வாகவும் வளைவாகவும் போனவை. அப்படிப்பட்ட கட்டில் ஓரிடம் தாழ்ந்திருக்கும், கல்லுக்குக் கல் இடுக்கு இருக்கும், ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் மீன் நின்று மூச்சு வாங்க ஓட்டமில்லாத ஒரு கையளவு இடம் இருக்கும். அவற்றின் மேல் பின்னாளில் காரையும் கான்கிரீட்டும் பூசிச் சமதளமாக்கியபோது கசிவு நின்றது, அந்த ஓய்விடங்களும் போயின.

அப்புறம், அணைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேங்கிய நீரில் வண்டல் படிந்து சரளையை மூடிவிடும், சரளையில் முட்டையிடும் மீனுக்கு அந்த நீளம் முழுக்க வீண். ஓட்டத்தில் மிதந்தபடி பொரிக்க வேண்டிய முட்டை தேக்கத்தில் அடியில் இறங்கிச் சேற்றில் புதையும். விரால், ஜிலேபி போலத் தேங்கிய நீரை விரும்பும் மீன்கள் பெருகும். அதனால்தான் "தடுப்பணை வந்த பிறகு மீன் கூடியிருக்கிறது" என்று சிலர் சொல்வதும் உண்மையாக இருக்கிறது. எடை கூடியிருக்கலாம், வகை குறைந்திருக்கும்.

என்ன செய்யலாம்? முதல் கேள்வி, அந்த அணை இப்போது யாருக்காவது பயன்படுகிறதா? மதகு துருப்பிடித்து, வாய்க்கால் தூர்ந்து, வண்டல் முகடுவரை ஏறிப்போன அணை என்றால் உடைப்பதே நல்லது. முழுவதும் வேண்டாம், நடுவில் ஆற்றின் தரைமட்டம்வரை ஒரு வெட்டு போட்டாலே போதும். இதைவிட மலிவான, பராமரிப்பே தேவையில்லாத மீன்வழி வேறு கிடையாது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றில் 1837 முதல் நின்ற எட்வர்ட்ஸ் அணையை 1999-ல் அகற்றினார்கள். அதன் கிளையாறான செபாஸ்டிகூக்கில் இருந்த அணை 2008-ல் போனது. உல்லத்தின் தூரத்து உறவான ஒரு கடல் மீன் அங்கே இப்போது லட்சக்கணக்கில் ஏறுகிறது.

அணை பாசனத்துக்கோ குடிநீருக்கோ வேண்டும் என்றால் அடுத்தது மீன்வழி. இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். மீன்வழி என்று சொல்லி ஓரத்தில் சிமெண்டுப் படி கட்டிவிட்டால் மீன் ஏறிவிடாது. அதன் வாசலை மீன் கண்டுபிடிக்க வேண்டும். மீன் தண்ணீரின் ஓட்டத்தை உணர்ந்து அதன் பின்னால் போகிறது. ஆற்றின் முழு நீரும் அணையின் மேல் இரைந்து விழும்போது, நாற்பது மீட்டர் தள்ளிக் கீழே ஒரு குழாய் அளவு நீர் வழிகிற மீன்வழி, கல்யாண மண்டபத்தின் பின்வாசல் மாதிரி. தெரிந்தவர்தான் வருவார். மீன் நின்றுபோகிற அதே மூலையில், அணையின் காலடியிலேயே வாசல் இருக்க வேண்டும். ஆற்றின் நீரில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்காவது அதன் வழியே வர வேண்டும். மீன் ஏறும் மாதத்தில் வர வேண்டும்.

பிறகு உள்ளே ஓட்டத்தின் வேகம். முதலில் சொன்ன பதினைந்து செ.மீ. கெண்டையை நினைவில் வையுங்கள், அதன் எல்லை வினாடிக்கு ஒன்றரை மீட்டர். ஒவ்வொரு படிக்கும் இறக்கம் பத்து செ.மீ. என்று வைத்தால் வேகம் சுமார் 1.4 மீட்டர், மயிரிழையில் தாண்டும். நாலடிக்குப் பன்னிரண்டு தொட்டிகள் தேவை. சால்மனுக்கான வரைபடத்தைப் பார்த்து முப்பது செ.மீ. இறக்கத்தில் நாலு தொட்டி கட்டினால் செலவு மிச்சம், கெண்டைக்குப் பயனில்லை. தொட்டிகளுக்கு இடையில் மேலே வழியும் விளிம்பு வேண்டாம், மேலிருந்து தரைவரை நீளும் செங்குத்துப் பிளவு வைக்க வேண்டும். தாவாத மீனும் நீந்திப் போகலாம், ஆற்றின் மட்டம் ஏறி இறங்கினாலும் வேலை செய்யும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றில் 1840களில் படகுப் போக்குவரத்துக்காகக் குறுக்கே அணைகள் கட்டினார்கள். உல்லத்தின் உறவான ட்வெய்ட் ஷாட் என்ற மீன், அதுவும் தாவாது, அதோடு மேலே வருவது நின்றுபோனது. ஏறக்குறைய நூற்றெழுபது வருஷம் கழித்து, வூஸ்டர் நகரத்தை ஒட்டிய டிக்லிஸ் தொடங்கி பெவர், ஹோல்ட், லின்கம் என்று நாலு இடங்களில் மீன்வழி கட்டினார்கள். கிளையாறான டீமில் இரண்டு அணைகளைத் தாழ்த்தியும் அகற்றியும் வழிவிட்டார்கள். டிக்லிஸில் இருப்பது ஆழமான, செங்குத்துப் பிளவு கொண்ட பெரிய மீன்வழி, நீருக்கடியில் நின்று மீன் போவதைப் பார்க்கக் கண்ணாடி அறையும் உண்டு. மீனின் குணத்தை முதலில் படித்து, அதற்குப் பிறகு வரைபடம் போட்டார்கள். சுமார் 250 கி.மீ. ஆறு திரும்பத் திறந்தது. நம் கொள்ளிடத்தில் நூறு வருஷத்துக்கு முன் தோற்ற படிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த வரிசைதான்.

உங்கள் ஊர் அளவுக்கு என் பரிந்துரை கற்சரிவு. அணையின் கீழ்ப்பக்கத்தில், முழு அகலத்துக்கோ ஒரு ஓரத்துக்கோ, பெரிய பாறாங்கற்களைப் பதித்து இருபதுக்கு ஒன்று அல்லது முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இறக்கிவிடுவது. நாலடிக்குச் சுமார் இருபத்துநாலிலிருந்து முப்பத்தாறு மீட்டர் நீளம் வரும். முகட்டில் ஓரிடம் தாழ்வாக இருக்க வேண்டும், கோடையின் கடைசித் தண்ணீரும் அந்த வழியாகவே போக வேண்டும். கல்லுக்குப் பின்னால் கல் என்று ஓய்விடம் கிடைப்பதால் பெரிய மீன், சின்ன மீன், அயிரை, இறால் எல்லாம் தன் தன் வழியில் ஏறும். வெள்ளத்தில் சில கல் பெயரும், ஒவ்வொரு கோடையிலும் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். விலாங்குக் குஞ்சுக்கு இதைவிடக் குறைந்த செலவில் வழி உண்டு. ஐரோப்பாவில் சரிவுப் பலகையில் தூரிகைபோல் முள் வைத்துத் தண்ணீர் சொட்டவிடுகிறார்கள், நியூசிலாந்தில் சொரசொரப்பான கயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். இங்கே தென்னை நார்ப் பாயைப் பக்கச் சுவரில் விரித்து நனைத்துவிட்டுப் பார்க்கலாம் என்பது என் யோசனை. ஒரு பருவம் சோதித்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஷட்டர் உள்ள கதவணை என்றால் ஒரு பைசா செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. முதல் புதுவெள்ளம் வரும் சில இரவுகள், எப்படியும் உபரி நீர் கீழே போகும் நாட்கள் அவை, ஓரத்து மணற்போக்கியின், அதாவது படிந்த மணலை வெளியேற்றும் மதகின், ஷட்டரை முழுவதும் மேலே தூக்கிவிடச் சொல்லுங்கள். எல்லா ஷட்டரையும் அரையடி திறந்துவைத்தால் ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர் வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் பீறிடும், எந்த மீனும் நுழையாது. ஒன்றை முழுதாகத் திறந்தால் அந்த ஒரு கண்ணிலாவது இரு பக்க மட்டமும் நெருங்கி வேகம் தணியும். தேக்கம் குறைந்துவிடுமோ என்று விவசாயிகள் கவலைப்படுவது நியாயம். அதனால் வெள்ளம் வடியத் தொடங்கும்போது எந்த மட்டத்தில் மூடுவது என்று அவர்களோடு முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அதே நாட்களில் அணையின் காலடியில் வலை வீசுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தால் ஏறுகிற மீன் ஏறும். அங்கே மீன் பிடித்துப் பிழைப்பவர்களை விட்டுவிட்டு இந்த முடிவை எடுக்காதீர்கள். எந்த நாளில், எந்த மூலையில், எந்த மீன் நிற்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மீன்வழியின் வாசல் எங்கே வர வேண்டும் என்பதையும் அவர்களே காட்டுவார்கள்.

உங்கள் ஆற்றில் இன்னொரு தடுப்பணைக்குத் திட்டம் இருந்தால், கட்டுவதற்கு முன்பே நீர்வளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்: கடலுக்கும் இந்த இடத்துக்கும் இடையில் ஏற்கெனவே எத்தனை தடுப்பு இருக்கிறது, எந்தெந்த மீன் எந்த மாதம் ஏறுகிறது என்று யாராவது பார்த்தார்களா, மீன்வழி மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதற்கு எவ்வளவு நீர் ஒதுக்கப்படும். வரைபடத்தில் கோடு போடும்போதே கற்சரிவைச் சேர்ப்பது சுலபம். கட்டி முடித்த கான்கிரீட்டை உடைத்துச் சேர்ப்பதற்குச் செலவும் அதிகம், அனுமதி வாங்குவதும் பெரும்பாடு.